கடக்நாத் என்று வாங்கிய குஞ்சு வளர்ந்தால் சிவப்புக் கொண்டை: தீவனக் கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், கொட்டகையில் கோழி வளர்ப்பது நான்தான். மகளிர் குழுக் கடனில், நாலு மாதம் முன்பு டவுன் தீவனக் கடையில் 'ஒரிஜினல் கடக்நாத்' (கருங்கோழி) என்று ஒருநாள் குஞ்சு 200 எடுத்தேன். ஒன்று 85 ரூபாய், மொத்தம் 17,000. அதில் 10,000 போனில் அனுப்பினேன், மீதி கையில் கொடுத்தேன். சீட்டில் 'குஞ்சு 200' என்று மட்டும் எழுதியிருக்கிறார். கீழே 'விற்ற குஞ்சு திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. 168 தேறின. அதில் 110 கோழிக்குக் கொண்டை சிவப்பு, கால் மஞ்சள். ஒன்றை அறுத்துப் பார்த்தோம், கறி வெள்ளை. கருங்கோழி என்றால் கிலோ 500 தருகிறேன் என்ற வியாபாரி இப்போது 260 என்கிறார். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "பண்ணையில இருந்து வந்ததக் கொடுத்தேன். நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் செல்லாது" என்கிறார். வந்த விலைக்குக் கோழிகளைத் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கோழிகளை ஏற்றிவிடாதீர்கள் அம்மா. குழுத் தவணை நெருக்கும், தீவனம் தினமும் காசைத் தின்னும் என்பது தெரியும். ஆனாலும் இந்த வழக்கில் உங்களுக்குப் பெரிய சாட்சி அந்தக் கோழிகள்தான். சில வருடம் முன்பு காரிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் இதே குறையோடு என்னிடம் வந்தார். முந்தைய வாரமே எல்லாவற்றையும் விற்றிருந்தார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்க மங்கலான இரண்டு போட்டோவைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

எனவே முதல் வேலை, உங்கள் பகுதி அரசு கால்நடை மருத்துவரிடம் எழுத்தில் மனு கொடுத்து, கோழிகளைப் பார்த்துச் சான்று தரும்படி கேட்பது. 'இது கடக்நாத் இல்லை' என்று எழுத அவர் தயங்கலாம். வற்புறுத்த வேண்டாம். கண்ணால் கண்டதை எழுதித் தந்தால் போதும்: மொத்தம் எத்தனை, ஏறத்தாழ என்ன வயது, எத்தனை கோழிக்குக் கொண்டையும் தாடியும் சிவப்பு, நாக்கு, தோல், கால் என்ன நிறம். இறகு கருப்பா என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நம் ஊரில் கருப்பு இறகுக் கோழி எத்தனையோ உண்டு. கடக்நாத்துக்குத் தோல், கறி, எலும்பு வரை கருமை ஓடியிருக்கும். கொண்டையும் நாக்கும் ஊதா கலந்த கருப்பாக இருக்கும். அடுத்து ஒன்றை அறுப்பதாக இருந்தால் மருத்துவர் முன்னால் அறுத்து, கறியின் நிறத்தையும் சான்றில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னும் வலுவான கருத்து தேவைப்பட்டால் ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம். (கருங்கோழி கருப்பு முட்டை போடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடக்நாத் முட்டை வெளிர் பழுப்புதான்.)

ஒரு விதத்தில் உங்கள் நிலை பலரைவிட நல்லது. 'நாட்டுக்கோழிக் குஞ்சு' என்று வாங்கி ஏமாந்திருந்தால் நிரூபிப்பது மிகவும் கடினம். அந்தச் சொல்லுக்குள் ஊருக்கு ஊர் ஒரு கோழி இருக்கிறது, கலப்புக் கோழியையும் அதே பெயரில்தான் விற்கிறார்கள். கடக்நாத் அப்படியில்லை. மத்தியப் பிரதேசம் ஜபுவா பகுதியின் இனம். அதன் கறிக்கு 2018இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அடையாளம் தெளிவாக உள்ள ஒரு பெயரைச் சொல்லித்தான் உங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்.

இப்போது கடைக்காரரின் வாதம். 'வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை' என்று அவர் சொல்வது பாதி உண்மை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கம், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை வணிக நோக்கத்தில் சேர்க்கவில்லை. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் இதை விரித்துச் சொன்னது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், ஒருவர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். வாங்கி முழுக்க வேறு ஆளிடம் ஓட்டக் கொடுப்பவர்தான் வெளியே போகிறார். தேசிய விதைக் கழகம் தொடர்பான 2012 தீர்ப்பில், விதை வாங்கி ஏமாந்த விவசாயிகளும் நுகர்வோரே என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா விதையையும் விதைத்துவிட்ட விவசாயியிடம் சோதனைக்கு விதை கொண்டு வா என்று கேட்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த வழக்கில் வேளாண் அதிகாரிகளின் நேரடி ஆய்வுக்குக் கிடைத்த மதிப்பு, உங்கள் வழக்கில் மருத்துவர் சான்றுக்குக் கிடைக்க வேண்டும் என்று வாதாடலாம்.

ஆகவே புகாரில் தெளிவாக எழுதுங்கள்: கூலி ஆள் கிடையாது, தீவனம் வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் நானே, பிழைப்புக்காக மகளிர் குழுக் கடனில் வாங்கியது. குழுவின் கடன் பாஸ்புக் நகலை இணைத்துவிடுங்கள். இந்த வரி இல்லாத புகார்கள்தான் முதல் படியிலேயே திரும்பிவிடுகின்றன.

சீட்டில் இனப் பெயர் இல்லையே என்று பயப்பட வேண்டாம். கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் 'கடக்நாத் குஞ்சு வந்துள்ளது' என்று ஏதாவது வந்ததா? போனில் தேடுங்கள், எதையும் அழிக்காதீர்கள். கடைப் பலகையைத் தெருவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 அனுப்பிய கணக்கு வங்கியில் இருக்கும். குஞ்சுக்கு 85 ரூபாய் கொடுத்ததும் ஒரு சாட்சிதான். அதே வாரத்தில் அதே கடையில் சாதாக் குஞ்சு வாங்கியவர் உங்கள் ஊரில் இருந்தால் அவருடைய சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இனிமேல் கடைக்காரரிடம் நேரில் சண்டை போடாமல், 'கடக்நாத் என்று கொடுத்தீர்களே, 110 கோழிக்குக் கொண்டை சிவப்பாக இருக்கிறதே' என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அவர் என்ன பதில் எழுதினாலும் உங்களுக்குப் பயன்படும். சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி முழுவதும் நுகர்வோர் ஆணையத்தில் பொருந்தாது. இருந்தாலும் இந்தச் செய்திகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் (பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைத்துவிடுவது நல்லது.

'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற அச்சு வரி உங்களைக் கட்டாது. ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்பதை அந்த வரி மூடி மறைக்க முடியாது. தரத்தையும் வகையையும் பொய்யாகச் சொல்லி விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடைமுறை. முறையான பில் தராததும் அதே பட்டியலில் வருகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15, விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. பண்ணைக்காரர் அவரை ஏமாற்றியிருக்கலாம். அது அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. உங்களிடம் பணம் வாங்கியவர் கடைக்காரர். பண்ணையின் பெயரை அவர் சொன்னால் பண்ணையை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். பலர் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எழுதி, நியாயமான தொகையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறார்கள். சிவப்புக் கொண்டைக் கோழி 110, சராசரி ஒன்றேகால் கிலோ என்றால் 137.5 கிலோ. கிலோவுக்கு 240 ரூபாய் வித்தியாசம், ஆக 33,000. இதுதான் உங்கள் உண்மையான நட்டம். அதைக் கேளுங்கள். கூடவே மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு நியாயமான தொகை. குஞ்சு விலையைத் திருப்பித் தரும்படி மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரட்டிப்பு ஆகும். தீவனச் செலவு முழுவதையும் கேட்காதீர்கள், அதைத் தின்றுதான் கோழி எடை போட்டிருக்கிறது. இறந்த 32 குஞ்சையும் இதில் கலக்க வேண்டாம், சாவுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். வியாபாரி சொன்ன இரண்டு விலையையும் அவரிடமே எழுதி வாங்கி, முடிந்தால் பிரமாண வாக்குமூலமாகத் தரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் 33,000 வெறும் எண்ணாகிவிடும்.

சான்று கைக்கு வந்ததும், ஏழெட்டுக் கோழிகளைத் தனியாக நிறுத்திவிட்டு மீதியைத் தாராளமாக விற்கலாம், விற்கவும் வேண்டும். நட்டத்தைக் குறைக்க முயலாமல் உட்கார்ந்திருந்தார் என்று எதிர்தரப்பு சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. விற்ற தேதி, எடை, விலை எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டும்.

பிறகு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ், 15 நாள் அவகாசம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், சில கடைகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வருகின்றன. பதில் இல்லையென்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது, கடை திருப்பத்தூரில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்தரப்பு 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் பதில் தர வேண்டும். மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வழியில் சமரசத்துக்கு அழைத்து நியாயமான தொகை தந்தால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். வக்கீல் வேண்டுமென்றால், பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவு என்றாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் உங்களுக்கு இலவச உதவி தருகிறது. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். உங்கள் குழுவில் வேறு பெண்களும் அதே கடையில் வாங்கி ஏமாந்திருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோரும் சேர்ந்து ஒரே புகாராகப் போடலாம். போலீஸுக்குப் போவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மோசடி என்று சொல்ல ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், ஒரு கடைக்காரர் ஒரு முறை விற்றதை வைத்து அதைக் காட்டுவது கடினம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: 'பெட்டைக் குஞ்சு என்று வாங்கினேன், பாதி சேவலாகிவிட்டது' என்று பலர் கேட்கிறார்கள். சேவல், பெட்டை பிரிக்காத குஞ்சு என்று சொல்லி விற்றிருந்தால் வழக்கு இல்லை. பெட்டை என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கியிருந்தால், மேலே சொன்ன அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும்.

அம்மா, நாளைக் காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கருப்புக் கோழி இரண்டு, சிவப்புக் கொண்டை இரண்டு கூடையில் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைப் பார்க்க மருத்துவரை எந்த நாள் கொட்டகைக்கு வர முடியும் என்று கேளுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.