தடித்த இழையா, மெல்லிய இழையா, எது அதிகம் சூடாகும்?

அன்புள்ள ஐயா,

ஒளிரும் இழை வீசும் வெப்பம் அதன் மேற்பரப்பையும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கையும் பொறுத்தது என்று எழுதியிருந்தீர்கள். ஒரே நீளமுள்ள தடித்த இழை, மெல்லிய இழை இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுத்தால், மெல்லியதுதானே அதிகம் சூடாகும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை, தடித்ததுதான் அதிகம் சூடாகும். இழையின் அளவு வேறு, வெப்பநிலை வேறு என்று பிரித்துப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. மின்சாரம் பாயும் இழையில் அளவுதான் வெப்பநிலையையே தீர்மானிக்கிறது.

தடிமனை இரண்டு மடங்காக்குங்கள். குறுக்குவெட்டு நான்கு மடங்காகும், மின்தடை கால்வாசியாகும், அதே மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு திறன் உள்ளே வரும். ஆனால் அதை வெளியே வீச வேண்டிய மேற்பரப்பு இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது, அதனால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் முன்பைவிட இரட்டிப்பு வெப்பத்தை வீசியாக வேண்டும். இரண்டின் நான்காம் மூலம் 1.19. அதாவது கெல்வின் கணக்கில் சுமார் 19 சதவீதம் கூடுதல் சூடு (சூடேறும்போது மின்தடையும் ஏறுமென்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும்).

இரண்டையும் தொடராக இணைத்தால் கதை தலைகீழ். ஒரே மின்னோட்டம்தான், தடித்த இழைக்குக் கால்வாசித் திறனே கிடைக்கும், அதுவும் இரட்டிப்புப் பரப்பில் பரவிவிடும். அப்போது நீங்கள் சொன்னதுதான் சரி, மெல்லியதுதான் தகதகக்கும்.

கணக்கைக் கெல்வினில்தான் போட வேண்டும், இதை விடாமல் சொல்வேன். பிளாட்டினக் கம்பியை 525 டிகிரி செல்சியஸிலிருந்து 1200-க்குச் சூடாக்கியபோது வெப்ப வீச்சு 11.7 மடங்கானதாக இயற்பியலாளர் ஜான் டிண்டலின் அளவீடுகள் காட்டின. செல்சியஸ் எண்களை அப்படியே வைத்து நான்காம் அடுக்கு எடுத்தால் 27 மடங்கு வரும். கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டினால்) அவை 798, 1473. இப்போது போட்டுப் பாருங்கள், 11.6! இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் 1879-இல் இந்த எண்களிலிருந்துதான் நான்காம் அடுக்கைப் பிடித்தார். அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான் 1884-இல் அதைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்தார்.

அப்புறம், குண்டு பல்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2800 கெல்வினில் அதன் டங்ஸ்டன் இழை, முழுக்கரும்பொருள் (தன்மேல் விழும் கதிர்களையெல்லாம் விழுங்கி, அந்தச் சூட்டில் அதிகபட்சம் வீசக்கூடிய பொருள்) வீசுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் வீசும். அப்படியும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு வாட் வருகிறது. 60 வாட் பல்புக்குச் சுமார் 60 சதுர மில்லிமீட்டர் பரப்பு போதும். ஆனால் அந்தச் சூட்டில் வீச்சின் உச்சம் அகச்சிவப்பில் விழுவதால், பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வெப்பமாகவே போகிறது.

அந்த இழையின் சூட்டைப் பத்து சதவீதம் குறைத்தால் மொத்த வீச்சு மூன்றில் இரண்டு பங்காகும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ சுமார் மூன்றில் ஒரு பங்காகவே சுருங்கிவிடும், ஏனென்றால் அந்தப் பகுதியில் ஏற்றஇறக்கம் நான்காம் அடுக்கைவிட மிகச் செங்குத்தானது.