அலர்ஜியும் ஒவ்வாமையும்: கேள்வி பதில்

மருத்துவச் சொற்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. இந்த முறை 'அலர்ஜி' என்ற சொல்லைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். சொல்லைப் பற்றி மட்டும். நான் டாக்டர் இல்லை.

இந்தப் பெயரை வைத்தது யார்? என்ன அர்த்தம்?

கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர், 1906-இல். அப்போது தொண்டை அடைப்பானுக்கு (டிப்தீரியா) குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசியாகப் போடுவார்கள். முதல் ஊசி போட்டு எட்டுப் பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி. அதே குழந்தைக்குப் பின்னால் ஒருநாள் இரண்டாவது ஊசி போட்டால் எட்டு நாள் காத்திருப்பதில்லை, சீக்கிரமே தடித்துவிடும். பிர்கேயும் கூட வேலை பார்த்த பேலா ஷிக்கும் இதைக் கவனித்தார்கள். அம்மைப்பால் குத்தும்போதும் இதே கதைதான்: இரண்டாம் முறை குத்தினால் உடம்பு வேகமாகப் பதில் சொல்கிறது. ஒன்று தொல்லை, மற்றது பாதுகாப்பு. ஆனால் இரண்டிலும் நடந்திருப்பது ஒன்றுதான். ஒருமுறை பார்த்த பொருளிடம் உடம்பு நடந்துகொள்ளும் விதம் மாறிவிட்டது.

அந்த மாற்றத்துக்கு நல்லது கெட்டது சாராத ஒரு பெயர் வேண்டுமென்று கிரேக்கத்திலிருந்து இரண்டு சொற்களை எடுத்து ஒட்டினார். 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் வேலை. 'வேற்றுவினை' என்று வைத்துக்கொள்ளுங்கள். காலப்போக்கில் பாதுகாப்புப் பாதி உதிர்ந்து, தொல்லைப் பாதி மட்டும் அந்தப் பெயரோடு தங்கிவிட்டது.

கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பெல்லாம் அரிக்கிறது. என்ன மாத்திரை போடலாம்?

முதல் பத்தியின் கடைசி வரி.

'ஒவ்வாமை' இந்தக் காலத்தில் செய்த சொல்லா?

சொல் பழசு, வேலை புதுசு. 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா' என்ற குறளை எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். ஒக்கும், ஒவ்வா இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அங்கே ஒவ்வா என்றால் ஒத்திராது, சமமாகாது. உடம்புக்கும் பொருளுக்கும் ஒத்துப்போகாததை அதே சொல்லால் குறித்தது நல்ல காரியம். நம் வீட்டில் 'இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல' என்று சொல்வதும் அந்த வேர்தான்.

ஒரே ஒரு குறை. பிர்கே சொன்ன 'மாற்றம்' இதில் இல்லை. நேற்றுவரை இறாலை ஒரு வெட்டு வெட்டியவருக்கு இன்று வாய் வீங்குகிறதே, அந்த நேற்று–இன்று வித்தியாசம் 'அலர்ஜி'யின் வேரில் இருக்கிறது, 'ஒவ்வாமை'யில் இல்லை. அதற்காகச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

'அலர்' என்றால் பூ. பூவின் மகரந்தத்தால் வருவது அலர்ஜி. இது தமிழ்ச் சொல்தானே?

இல்லை. பிர்கேயின் கையில் இருந்தது குதிரைச் சீரம், பூ அல்ல.

அவர் தமிழிலிருந்து எடுத்துவிட்டுக் கிரேக்கம் என்று எழுதியிருக்கலாமே ஐயா?

சரி, உட்காருங்கள். பிர்கே ஜெர்மன் மொழியில் எழுதினார். அங்கே அதை 'அலெர்கீ' என்றுதான் உச்சரிப்பார்கள், 'எர்கோன்' என்பதில் உள்ள அதே ககரம். 'ஜி' ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்தது. 'அலர்' மட்டும் தமிழ் என்றால், மிஞ்சும் அந்த ஆங்கில 'ஜி'யை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? இன்னொன்று, எர்கோனுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. எனர்ஜி: உள்ளே நடக்கும் வேலை. சர்ஜரி: கைவேலை. ஜார்ஜ்: மண்ணில் வேலை செய்பவன், அதாவது உழவன். அலர்ஜியைத் தமிழாக்கினால் இத்தனை பேருக்கும் தமிழில் பிறப்புச் சான்றிதழ் எழுத வேண்டும்.

எனர்ஜியும் 'இனர்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து…

அடுத்த கேள்வி.

அனாஃபிலாக்சிஸ் என்கிறார்களே, அது?

உயிருக்கே ஆபத்தாகும் கடும் ஒவ்வாமை. அலர்ஜிக்கு நாலு வருடம் மூத்த சொல், 1902. பாரிஸில் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே இருவரும் கடல் சாமந்தி (சீ அனிமோன்) என்ற கடல் பிராணியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமாகச் செலுத்திப் பழக்கப் பார்த்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் போட, அரை மணிக்குள் செத்துப்போனது. காப்புக்காகப் போட்டது காப்பையே கெடுத்ததால் 'காப்புக்கு எதிர்' என்று பெயர். ரிஷேவுக்கு 1913-இல் நோபல். மூச்சுத் திணறலும் தலைசுற்றலும் வந்தால் சொல்லாராய்ச்சி வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது. இதுவும் ஒவ்வாமையா?

பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால் அப்படி ஆகிறது என்றால், அல்ல. அங்கே நோயெதிர்ப்பு மண்டலம் தலையிடுவதே இல்லை, குடலில் அந்தச் சர்க்கரையை உடைக்கும் நொதி குறைவு, அவ்வளவுதான். நாம் இரண்டையும் ஒரே 'ஒவ்வாமை'யில் போட்டுவிடுகிறோம். 'பால் செரியாமை' என்று எழுதுங்கள் என்று நான் பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன். அச்சுக்குப் போகும்போது யாரோ 'ஒவ்வாமை' என்று திருத்திவிடுகிறார்கள்.

'மாமியார் என்றாலே எனக்கு அலர்ஜி' என்று சொல்வது பிழையா?

ஒருமுறை பழகிய பிறகுதானே வருகிறது. பிர்கே ஒத்துக்கொள்வார்.

ஐயா, கத்தரிக்காய்க்குப் பதிலாக வாழைக்காய் சாப்பிடலாமா?

டாக்டர்.