வாசகர் கேள்வி: பிள்ளைகளுடன் நாவூ பயணம்

கேள்வி: மோர்மன் சபையைச் சேர்ந்த நாங்கள், நான்கும் ஏழும் வயதுள்ள பிள்ளைகளுடன் ஆண்டிறுதி விடுமுறையில் அமெரிக்காவிலுள்ள சபையின் வரலாற்று இடங்களைக் காண விரும்புகிறோம். எங்கே செல்லலாம்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: 1820இல் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் இறைத் தரிசனம் கண்டதாகச் சபையினர் நம்பும் நியூயார்க் மாநிலத்துப் பால்மைராவுக்கும் 1840களில் சபையினர் குடியிருந்த இலினாய் மாநிலத்து நாவூவுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் இருப்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்காமல் நாவூவிலேயே சில நாள் தங்குங்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள அவ்வூரின் கொல்லர் பட்டறையும் குதிரை வண்டிச் சவாரியும், பெரியவர்களின் விளக்கவுரைகளைக் காட்டிலும், பிள்ளைகளை ஈர்க்கும். 1844இல் ஸ்மித் சுட்டுக் கொல்லப்பட்ட கார்த்தேஜ் சிறை அருகில்தான் உள்ளது. அங்கே சொல்லப்படும் கதை இளையவருக்கு ஏற்றதன்று என்பதால், பெற்றோர் இருவரும் மாறி மாறி உள்ளே சென்று வரலாம். டிசம்பர் குளிர் அங்கே கடுமையானது. ஆண்டு நடுப்பகுதி விடுமுறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.