பாட்டனி சேரட்டுமா, நீட் திரும்ப எழுதட்டுமா?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நீட் மதிப்பெண் போதவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். பி.எஸ்சி. பாட்டனிதான் சேர்வேன் என்று பிடிவாதம். செடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட் என்ற வெள்ளைக்காரரைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, அவரைப் போல ஆக வேண்டுமாம். அந்தக் காலத்து துரைக்குச் சரி, நம் வீட்டுப் பிள்ளைக்கு அது சோறு போடுமா?
– தாராபுரத்திலிருந்து ஒரு தந்தை

ஐயா, உங்கள் மகள் பிடித்தது நல்ல ஆளைத்தான். ஆனால் அவர் கதையில் அவள் பாதியைத்தான் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் மீதிப் பாதியில் இருக்கிறது.

வைட் 1796-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் அவர் படித்தது மருத்துவம். உங்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். சம்பளம் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்க. செடி சேகரித்தது சொந்த ஆசைக்கு. 1826-இல் மதராஸ் அரசு அவரை இயற்கையியலாளர் பதவியில் அமர்த்தியது. ஆசையும் சம்பளமும் ஒன்றாகச் சேர்ந்த வேலை. அது நீடித்தது இரண்டே வருடம்தான். 1828-இல் கவர்னர் லஷிங்டன் அந்தப் பதவியையே ரத்து செய்துவிட்டார். வைட் மறுபடி படை மருத்துவராக நாகப்பட்டினம் போனார்.

அங்கேயே அவர் கதை முடிந்திருக்கலாம். ஆனால் 1831-இல் நீண்ட விடுப்பில் ஊருக்குக் கப்பல் ஏறியபோது, அவரோடு சுமார் ஒரு லட்சம் உலர்செடி மாதிரிகள் போயின. அவற்றை வைத்துக்கொண்டு ஆர்னாட் என்ற நண்பரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலின் முதல் பாகத்தை 1834-இல் வெளியிட்டார். அதே வருடம் இங்கே திரும்பினார். பெல்லாரியில் இருந்த படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு மாறியபோது அதோடு சேர்ந்து வந்தார், வழியெல்லாம் செடி பறித்துக்கொண்டே. குற்றாலம், பழனி மலை எல்லாம் அப்புறம்தான்.

1842-இல் உங்கள் பக்கத்துக் கோயம்புத்தூருக்கு வந்தார். வேலை என்ன தெரியுமா? பருத்தி. இங்கிலாந்து மில்களுக்கு நீள இழைப் பருத்தி வேண்டும். அமெரிக்கப் பருத்தி இந்த மண்ணில் வருமா என்று பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைகளுக்கு அவர் மேற்பார்வையாளர். 1853 வரை அதுதான் பிழைப்பு. நம் விவசாயிகள் அதில் பெரிதாக மனம் வைக்கவில்லை, திட்டமும் எடுபடவில்லை. கம்பெனிக்கு வேண்டியது லாபம், செடியின் மேல் அதற்கு என்ன பாசம்? ஆனால் அந்தப் பருத்தி உத்தியோகத்தில் இருந்துகொண்டேதான் வைட் தன் பெரிய வேலையை முடித்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக இந்தியச் செடிகளின் படங்களைக் கல்லச்சில் அச்சிட்டு வெளியிட்டார். மொத்தம் 2,101 படங்கள். வகைப்பாட்டியல், அதாவது செடிகளை இனம் பிரித்துப் பெயரிடும் வேலை, செய்கிறவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

அவள் ஆசைப்படும் வைட், முழுநேரத் தாவரவியலாளராகச் சம்பளம் வாங்கியது இரண்டு வருடம். மற்றபடி மருத்துவர், பிறகு பருத்தி அதிகாரி. அவருக்கு முன்னால் வந்தவர்களும் அப்படித்தான். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக்கும் மருத்துவர், ராக்ஸ்பரோவும் மருத்துவர். செடிப் படிப்பு அன்றைக்கும் தனியாகச் சோறு போடவில்லை. இன்னொரு தொழிலின் தோளில் உட்கார்ந்துதான் வந்தது. உங்கள் பயம் நியாயமானது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து நீட் கோச்சிங் இல்லை. பாட்டனியோடு எந்தத் தோளைச் சேர்ப்பது என்று இப்போதே யோசிப்பதுதான்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லுங்கள். வைட் பெயரில் இருக்கும் படங்களை வரைந்தவர் வைட் இல்லை. ரங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். பூவைப் பிளந்து, சூலகத்தைக் குறுக்கே வெட்டி, மகரந்தத்தாளை உருப்பெருக்கி வரைந்தவர்கள் அவர்கள். கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைத்தார். அந்தப் பெயரும் இப்போது புழக்கத்தில் இல்லை. மலை ஏறிச் செடி பறித்து வந்த கூலியாட்களின் பெயர் பலருக்கும் தெரியாது. நம் ஊர்க் கைகள் செய்த வேலை அதில் எவ்வளவு என்று அவள் தெரிந்துகொண்டால், துரையைப் பார்த்து மலைப்பது கொஞ்சம் குறையும். குறைந்தால் நல்லதுதான்.

சரி, இன்றைய நிலவரத்துக்கு வருவோம். வெறும் பி.எஸ்சி. பாட்டனியோடு நின்றால் வேலை கிடைப்பது கஷ்டம். எம்.எஸ்சி. கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பி.எட். முடித்தால் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். பெரும்பாலானவர்கள் போகும் பாதை அது. ஆராய்ச்சிப் பக்கம் போனால் அதற்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாள் எழுத வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இந்திய வனப்பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க ஏற்கப்படும் பட்டப் பாடங்களில் தாவரவியலும் ஒன்று. பட்டம் முடித்த கையோடு எழுதலாம், ஆனால் போட்டி கடுமையானது.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. சுரங்கமோ நெடுஞ்சாலையோ வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்வார்கள். அதைச் செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் அங்கீகாரம் பெற, சூழலியல் மற்றும் பல்லுயிர் நிபுணர் ஒருவர் வேண்டும். களத்தில் நின்று செடியைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும் ஆளைத்தான் அங்கே தேடுகிறார்கள். சித்த, ஆயுர்வேத மருந்துக் கம்பெனிகளிலும் இதே தேவைதான். கீழாநெல்லி என்று வரும் மூட்டையில் அதன் உறவுச் செடிகளும் கலந்திருக்கும். காய்ந்து நொறுங்கிய குச்சியையும் இலையையும் வைத்து எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். டி.என்.ஏ. சோதனை வந்துவிட்டதே என்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சரியாகப் பெயரிட்ட மாதிரி இல்லாவிட்டால் அந்தச் சோதனையும் கைகொடுக்காது. நல்ல வகைப்பாட்டியல் ஆட்கள் நாட்டிலேயே குறைவு. நான் இந்தப் படிப்பை இன்னும் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணமே அதுதான்.

பெண் பிள்ளை ஆயிற்றே, காடு மலை என்று அலைவாளா என்றும் உங்கள் மனதில் ஓடும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிறைய அப்பாக்கள் கேட்பது. தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1931-இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வந்து கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார். அதுவும் வெள்ளைக்காரன் ஆட்சியில். இன்று அதற்கெல்லாம் தயங்க வேண்டியதில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை வைக்கலாம். இலையை நோட்டில் ஒட்டுவது எல்லோரும் செய்வது. முறையான உலர்செடித் தாள் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லுங்கள். பூவோ காயோ உள்ள கிளையாகப் பறிக்க வேண்டும்; சின்னச் செடி என்றால் வேரோடு. செய்தித்தாள் மடிப்பில் வைத்து, ஓர் இலையையாவது பின்பக்கம் தெரியும்படி திருப்பிவிட்டு, மேலே பாரம் ஏற்ற வேண்டும். முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கனத்த அட்டையில் ஒட்டியதும் வலது கீழ் மூலையில் சீட்டு: பெயர், குடும்பம், இடம், தேதி, பறித்தவர் பெயர், சேகரிப்பு எண், எந்த மாதிரி நிலம், பூவின் நிறம். நிறத்தைப் பறித்த அன்றே குறிக்க வேண்டும், காய்ந்தால் எல்லாம் பழுப்பாகிவிடும். இதற்குக் காட்டுக்குப் போக வேண்டாம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் செடி பறிக்கவும் கூடாது. வாய்க்கால் வரப்பில் தும்பையும் குப்பைமேனியும் நெருஞ்சியும் போதும். ஐம்பது தாள் முடிக்கட்டும். பத்தாவது தாளில் சலிப்பு வந்துவிட்டால், அவளுக்குப் பிடித்தது செடியின் அழகு மட்டும்தான். அதற்கு மூன்று வருடப் பட்டம் தேவையில்லை. ஐம்பதையும் முடித்துவிட்டு, பெயர் தெரியாத நாலு செடிக்காகக் கோவைக்குக் கூட்டிப் போகச் சொல்லி உங்களை நச்சரித்தால், நீட் பேச்சை விட்டுவிடுங்கள்.

அப்படி நச்சரித்தால் கூட்டிப் போக வேண்டிய இடம் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். இப்படிப்பட்ட உலர்செடித் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் மதராஸ் உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். போகும்போது அவள் செய்த தாள்களையும் எடுத்துப் போங்கள். ஆளைவிட அந்தத் தாள்கள்தான் அங்கே பேசும்.

கல்லூரி விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. பெயர் பெற்ற கல்லூரியா என்பதைவிட, அங்கே உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறதா, மாணவர்களைக் களத்துக்குக் கூட்டிப் போகும் பேராசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். துணைப்பாடத்தில் வேதியியல் இருந்தால் மருந்துக் கம்பெனிப் பக்கம் போக உதவும். இடங்களை வரைபடத்தில் குறிக்க உதவும் புவித்தகவல் மென்பொருளை முதல் வருட விடுமுறையிலேயே பழக ஆரம்பிக்கலாம்; அந்த வகையில் கியூஜிஸ் (QGIS) இலவசம்தான். நீட் கோச்சிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எம்.எஸ்சி.க்கு என்று இப்போதே தனியாகப் போட்டு வையுங்கள்.