ஸ்மாஷ் கேம் வாங்குமுன்: எத்தனை பேர், எந்த மெசின்?

கேள்வி: பத்தும் பன்னிரண்டும் வயதான என் பிள்ளைகள் 'ஸ்மாஷ்' கேம் வேணும் என்று நிற்கிறார்கள். வழமையான சண்டை கேமில் உயிர்ப்பட்டை முடிந்தால் ஆள் தோற்றுவிடும். இதில் எண் ஏறிக்கொண்டே போகுது, ஆள் விழவில்லை. இது எப்படி வேலை செய்கிறது? வாங்கலாமா? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: அவர்கள் கேட்பது 2018 டிசம்பர் 7இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட். நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் மெசினுக்கென்றே செய்தது, ஸ்விட்ச் 2இலும் ஓடும். பிளேஸ்டேஷனுக்கான டிஸ்க் என்று யாராவது நீட்டினால் காசைப் பையிலேயே வையுங்கள். அப்படி ஒன்று வெளிவரவே இல்லை.

அந்த எண் உயிர்க் கணக்கு அல்ல, அடிபட்டவர் எவ்வளவு தூரம் எறியப்படுவார் என்ற கணக்கு. 0%இல் பலமான அடி விழுந்தாலும் ஆள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுவிடுவார். அதே அடி 120%இல் விழுந்தால் பெரும்பாலும் திரைக்கு வெளியே பறப்பார். மேடையைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒரு உயிர் போச்சு. பவுசர் போன்ற பாரமானவர்கள் நீண்டநேரம் தாக்குப்பிடிப்பார்கள், பிச்சு போன்ற இலேசானவர்கள் சீக்கிரம் பறப்பார்கள். அதனால் தொடக்கத்தில் சின்ன அடிகளால் சதவீதத்தை ஏற்றி, பிறகுதான் பெரிய அடியை விட வேண்டும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அதன் பலம் குறையும்.

புதிதாக ஆடுபவர்கள் அதிகம் தோற்பது அடி வாங்கி அல்ல, மேடைக்குத் திரும்பத் தெரியாமல். வெளியே எறியப்பட்டதும் பதறி முதலிலேயே 'மேல் + பி' (கொன்ரோலரின் ஸ்டிக்கை மேலே தள்ளி பி பொத்தானை அழுத்தி மேலே பாய்வது) அழுத்துவார்கள். பெரும்பாலான பாத்திரங்களுக்கு அது கடைசி வழி. அதற்குப் பிறகு வேறொன்றும் செய்ய முடியாமல் கீழே போவார்கள். முதலில் மிஞ்சியிருக்கும் தாவலைப் பயன்படுத்தி, மேடை விளிம்பு எட்டும் தூரத்தில் வந்தபின் 'மேல் + பி' போட வேண்டும். மற்றப் பிழை, கவசத்தை அழுத்திப் பிடித்தபடியே நிற்பது. அது சுருங்கிக்கொண்டே போய் உடையும். உடைந்தால் ஆள் தலைசுற்றி நிற்பார், எதிராளிக்குக் கொண்டாட்டம். கவசத்துக்குள் நிற்பவரைப் பிடித்து எறியலாம், கவசம் அதைத் தடுக்காது. ஸ்டிக்கை மேலே தட்டினாலே தாவும் வசதியை 'கொன்ரோல்ஸ்' பகுதியில் நிறுத்திவிட்டால், சின்னப் பிள்ளைகள் தவறித் தாவுவது குறையும்.

வாங்கலாம், ஆனால் வீட்டில் கூடி இருந்து ஆடுவதற்காக. எட்டுப் பேர் வரை ஒரே ரீவியில் ஆடலாம். ஒன்லைன் ஆட்டத்துக்குத் தனிச் சந்தா வேண்டும். அதில் ஆட்டக்காரரின் இணைப்புகள் நேரடியாக ஒன்றோடொன்று பேசுவதால், எதிராளி தொலைவில் இருந்தால் அழுத்தியது பிந்தித்தான் நடக்கும். வைஃபையை விட வயர் இணைப்பு நல்லது, ஆனாலும் தூரம் தூரம்தான்.

பெட்டியோடு வரும் ஜொய்-கொன் (கழற்றக்கூடிய சின்னக் கொன்ரோலர்) சோடியைப் பிரித்தால் இரண்டு பேருக்குப் போதும். நாலு பேர் என்றால் இன்னொரு சோடி கட்டாயம். கேம் விலையோடு அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தொடக்கத்தில் எட்டுப் பாத்திரங்கள்தான் திறந்திருக்கும், மற்றவர்கள் ஆட ஆட வருவார்கள். அதற்காக யாரும் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். பிற்பாடு தனியாக விற்கப்பட்ட பாத்திரங்கள் (சோரா, ஸ்டீவ் போன்றோர்) வேறு. அவை வாங்கியவரின் கணக்கோடு ஒட்டியவை. பழைய கேம் கார்ட்டை வாங்கினால் அவை கூடவே வராது.

கேள்வி: கிண்ணியாவில் ஒருவர் ஸ்விட்ச் விற்கிறார். என்ன பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ஸ்டிக். 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'கொன்ரோலர்ஸ் அன்ட் சென்சர்ஸ்' பகுதியில் 'கலிப்ரேட் கொன்ரோல் ஸ்டிக்ஸ்' திறவுங்கள். கையை எடுத்தபின் புள்ளி நடுவில் நிற்காமல் நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. ஸ்மாஷில் அது உயிர்ப்பிரச்சினை, ஆள் தானாக மேடையை விட்டு நடந்து போவார்.

பிறகு டொக்கில் (ஸ்விட்சை ரீவியோடு இணைக்கும் தாங்கியில்) வைத்து ரீவியில் படம் வருகிறதா என்று பாருங்கள். போன் சார்ஜரால் ஒட்டினால் சில நேரம் சார்ஜ் ஏறும், ரீவியில் படம் வராது. டொக்குக்கு 15 வோல்ற் தரும் அடப்டர் வேண்டும். அசல் அடப்டர் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும், நம் 230க்கு டிரான்ஸ்போமர் தேவையில்லை. பிளக்கின் முனை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். கடைசியாக, உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து இ-ஷொப்பை (நின்டெண்டோவின் ஒன்லைன் கடையை) திறக்கச் சொல்லுங்கள். கள்ளக் கேம் போட்டு மாற்றிய மெசின்களை நின்டெண்டோ ஒன்லைனிலிருந்து தடை செய்கிறது. விற்பவர் இணைக்க மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஜப்பானிலிருந்து யாராவது ஸ்விட்ச் 2 கொண்டுவந்தால் பெட்டியைப் படித்துப் பாருங்கள். அங்கு மட்டும் மலிவாக விற்கும் வகையில் ஜப்பானிய மொழி மட்டும்தான், கணக்கும் ஜப்பான் கணக்காக இருக்க வேண்டும். பழைய ஸ்விட்சில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஸ்விட்ச் லைட் விலை குறைவு. போதுமா? (மூதூர்)

பதில்: தனியாக ஆட என்றால் போதும். ரீவியில் போட முடியாது, கொன்ரோலர் கழன்று வராது, திரை 5.5 அங்குலம். நாலு பேர் அதைச் சுற்றிக் குந்தியிருந்து ஸ்மாஷ் ஆடுவது கண்ணுக்கு வினை.

கேள்வி: இலவசமாக, போனில் இதுபோல ஏதும் உண்டா? (சாம்பல்தீவு)

பதில்: பிரோல்ஹல்லா. அதே தள்ளி விழுத்தும் முறை. எண்ணுக்குப் பதிலாக நிறம் வெள்ளையிலிருந்து சிவப்பாகி அடிபட்ட அளவைக் காட்டும். போனிலும் கம்பியூட்டரிலும் இருப்பவர்கள் சேர்ந்து ஆடலாம். உடைகளும் பாத்திரங்களும் காசுக்கு விற்கிறார்கள், ஆகவே பிள்ளையின் போனில் வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோரை அமைத்துவிடுங்கள். இவ்வகை இலவச கேம்களில் காசு போடுமுன் ஒன்றை யோசியுங்கள்: வோர்னர் நிறுவனத்தின் இதேபோன்ற இலவச கேமான மல்டிவேர்சஸ் 2024 மே மாதம் வந்து, 2025 மே 30இல் ஒன்லைன் சேவையை மூடிவிட்டது. கார்ட்டில் வாங்கிய கேமை வேண்டாம் என்றால் இன்னொருவருக்கு விற்கலாம். இலவச கேமில் வாங்கிய உடையை விற்க வழியில்லை.