வாசகர் கேள்வி–பதில்: லிஸ்டுக்கு உறை போடுகிறவர்களுக்கு

கேள்வி: ஜாவாவில் அளவீடுகளைச் சேர்த்து வைக்க, அரேலிஸ்ட்டை (ஜாவாவின் வழக்கமான லிஸ்ட் கிளாஸ்) எக்ஸ்டெண்ட் செய்து, அதாவது இன்ஹெரிட் பண்ணி, ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறேன். தவறான எண் வந்தால் 'ஆட்' மெத்தட் அதை மறுத்துவிடும். கூட வேலை செய்பவர், "இன்ஹெரிட் பண்ணாதே, டெக்கரேட்டர் போடு" என்கிறார் (லிஸ்டைச் சுற்றி உறையாக நிற்கும் கிளாஸைத்தான் சொல்கிறார்). ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் கோடை எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: அவர் சொல்வதுதான் சரி. நீங்கள் எழுதியதையே நானும் ஒரு காலத்தில் எழுதி மாட்டிக்கொண்டேன். வெப்பநிலை சென்சார்கள் அனுப்பும் எண்களைத் தொகுக்கும் புரோகிராம் அது. சென்சார் பழுதானால் –999 என்று அனுப்பும். அதைத் தடுக்க 'ஆட்' மெத்தடை மட்டும் ஓவர்ரைடு செய்து, அதாவது என் கிளாஸில் மாற்றி எழுதி, வைத்திருந்தேன். எண்கள் ஒவ்வொன்றாக வந்தவரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒருவர் ஒரு நாள் அளவீடுகளை மொத்தமாக 'ஆட்ஆல்' மூலம் சேர்த்தார். சராசரி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. சென்சாரைச் சந்தேகித்தேன், சராசரி போடும் வரிகளைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால், அரேலிஸ்ட்டின் 'ஆட்ஆல்' நம் 'ஆட்' பக்கமே வருவதில்லை. உள்ளே இருக்கும் அரேயில் நேரடியாகக் காப்பி செய்துவிடுகிறது.

ஒரே மதிப்பை இரண்டு முறை வைக்காத ஹாஷ்செட்டில் இதற்கு நேர்மாறு. அங்கே 'ஆட்ஆல்' ஒவ்வொரு உறுப்புக்கும் 'ஆட்'-ஐத்தான் அழைக்கிறது. இரண்டையும் ஓவர்ரைடு செய்து, சேர்ந்தவற்றை இரண்டிலும் எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகும். எந்த மெத்தட் எதை அழைக்கிறது என்பது அந்த கிளாஸை எழுதியவரின் உள்விவகாரம். இன்ஹெரிட் செய்யும்போது நம் கோடு அதை நம்பி நிற்கிறது. எனக்கு இதில் உள்ள பெரிய ஆட்சேபம் அதுதான்.

டெக்கரேட்டரில் அந்தச் சிக்கல் இல்லை. எரிக் காமாவும் மற்ற மூவரும் 1994-இல் தொகுத்துத் தந்த 23 பேட்டர்ன்களில் (அடிக்கடி வரும் வடிவமைப்புச் சிக்கல்களுக்கான தீர்வுகளில்) அதுவும் ஒன்று. உங்கள் கிளாஸ் லிஸ்ட் இன்டர்ஃபேஸை (ஒரு லிஸ்டுக்கு இருக்க வேண்டிய மெத்தட்களின் பட்டியலை) நிறைவேற்றும்; உள்ளே பிரைவேட்டாக ஒரு லிஸ்டை வைத்திருக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பார்த்து, சரியாக இருந்தால் உள்ளே இருப்பதற்கு அனுப்பும். வெளியே இருப்பவருக்கு அதுவும் ஒரு லிஸ்ட்தான். உள்ளே இருப்பது அரேலிஸ்ட்டா, லிங்க்ட்லிஸ்ட்டா என்பதைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் உறை போட்டதும் பாதுகாப்பு வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஒரு லிஸ்டுக்குள் எண் நுழைய எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 'ஆட்' இரண்டு விதம், 'ஆட்ஆல்' இரண்டு விதம், அப்புறம் 'செட்'. லிஸ்டில் ஒவ்வொன்றாக நடந்து செல்லும் லிஸ்ட்இட்டரேட்டரை வாங்கி அதன் வழியாகவும் சேர்க்கலாம், மாற்றலாம். 'சப்லிஸ்ட்' தருவது காப்பி அல்ல, அதே லிஸ்டின் ஒரு துண்டு; அதில் எழுதினால் மூல லிஸ்டிலும் மாறும். 2014-இல் ஜாவா 8 வந்தபோது 'ரீப்ளேஸ்ஆல்' என்று இன்னொரு வழியும் சேர்ந்தது. இவற்றில் ஒன்றை மட்டும் சோதிக்காமல் உள்ளே அனுப்பினாலும் –999 வந்துவிடும்.

அதனால் எல்லா மெத்தடையும் கையால் எழுதுவதைவிட, அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டை எக்ஸ்டெண்ட் செய்து அதற்குள் உங்கள் லிஸ்டை வைத்துக்கொள்ளுங்கள். இன்ஹெரிட் பண்ணாதே என்று சொல்லிவிட்டு இதை மட்டும் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். அரேலிஸ்ட் அப்படியே பயன்படுத்த எழுதப்பட்டது. அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் எக்ஸ்டெண்ட் செய்வதற்கென்றே எழுதப்பட்டது. எந்த மெத்தடை எழுத வேண்டும், மற்றவை எதை அழைக்கும் என்பது அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. நீங்கள் எழுத வேண்டியவை ஐந்து: 'கெட்', 'சைஸ்', 'செட்', இடத்தைச் சொல்லிச் சேர்க்கும் 'ஆட்', இடத்தைச் சொல்லி நீக்கும் 'ரிமூவ்'. 'ஆட்ஆல்', இட்டரேட்டர்கள், 'சப்லிஸ்ட்', 'ரீப்ளேஸ்ஆல்' எல்லாம் இந்த ஐந்தின் வழியாகவே போகும். ஆக, சோதனையை 'செட்'டிலும் 'ஆட்'டிலும் மட்டும் வைத்தால் போதும்.

இதற்கு வேகத்தில் கொஞ்சம் விலை உண்டு. 'கிளியர்' ஒவ்வொன்றாக நீக்கும். பெரிய லிஸ்டில் அது மிகவும் மெதுவாகிவிடும். அதை மட்டும் ஓவர்ரைடு செய்து உள்ளே இருக்கும் லிஸ்டின் 'கிளியர்'-ஐ அழைத்துவிடுங்கள். நீக்குவதற்குச் சோதனை தேவையில்லையே. உறுப்புகளைச் சங்கிலிபோல் கோத்து வைக்கும் லிங்க்ட்லிஸ்ட்டை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். இட்டரேட்டர் ஒவ்வொரு அடியிலும் 'கெட்'-ஐ அழைப்பதால், ஒவ்வொரு முறையும் அது ஓரத்திலிருந்து நடந்து வர வேண்டியிருக்கும்.

கேள்வி: மாற்ற விடாத 'அன்மாடிஃபையபிள்லிஸ்ட்' போட்டுத்தான் வெளியே கொடுத்தேன். ஆனாலும் வாங்கியவரிடம் இருக்கும் லிஸ்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பதில்: அதுவும் ஒரு டெக்கரேட்டர்தான். 1998-இல் ஜாவா 1.2-உடன் வந்தது. அந்த உறையின் வழியாக மாற்றப் போனால் எக்ஸெப்ஷன் (பிழை) எறியும், அவ்வளவே. அடியில் உள்ள லிஸ்ட் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் மாற்றினால் அவருக்கும் தெரியும். அன்றைய நிலையை அப்படியே கொடுக்க வேண்டுமென்றால், 2018-இல் ஜாவா 10-இல் வந்த 'லிஸ்ட் காப்பிஆஃப்' இருக்கிறது. உள்ளே 'நல்' (null, வெற்று மதிப்பு) இருந்தால் மட்டும் அது ஏற்காது. இரண்டுமே உறுப்புகளைப் பூட்டுவதில்லை: லிஸ்டில் இருக்கும் ஆப்ஜெக்டுக்கு செட்டர் (அதன் மதிப்பை மாற்றும் மெத்தட்) இருந்தால், வாங்கியவர் அதை அழைத்து மாற்றிவிடலாம்.

முதல் கேள்வி கேட்டவரும் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி) வெளியிலிருந்து ஒரு லிஸ்டை வாங்கி உள்ளே வைத்தால், அதைக் கொடுத்தவர் உறையைச் சுற்றிக்கொண்டு போய் எதையும் போடலாம். அதில் ஏற்கெனவே –999 இருந்திருக்கவும் கூடும். உள்ளே இருக்க வேண்டிய லிஸ்டை உங்கள் கிளாஸே உருவாக்கட்டும்.

கேள்வி: பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள்) ஒரு லிஸ்டைத் தொடும்போது பூட்டிக் காக்கும் 'சிங்க்ரனைஸ்ட்லிஸ்ட்' போட்ட பிறகும் ஃபார் லூப்பில், நடுவில் லிஸ்ட் மாறிவிட்டது என்று சொல்லும் கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் வருகிறதே?

பதில்: அந்த உறை ஒவ்வொரு மெத்தட் அழைப்பையும் தனித்தனியாகத்தான் பூட்டுகிறது. ஃபார் லூப் என்பது ஒரே அழைப்பு அல்ல. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் நுழைந்துவிடுகிறது. லூப் முழுவதையும் ஒரு சிங்க்ரனைஸ்ட் பிளாக்குக்குள் வையுங்கள். பூட்டு உறையின் மேல் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் லிஸ்டின் மேல் பூட்டினால் அது வேறு பூட்டு. மற்ற த்ரெட்கள் நிற்காது.