பாட்டில்லாத ஊரா வேலூர்?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பெங்களூரில் ஒரு திறந்தவெளி இசை விழாவுக்குக் காலையில் போய் இரவே திரும்பலாம் என்றிருக்கிறோம். டிக்கெட் தலைக்கு 2,500 ரூபாய். 'காசைக் கரியாக்காதே' என்கிறார் அப்பா. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று நம் ஊரைச் சொல்வார்களே, அதோடு பாட்டில்லாத ஊர் என்றும் சேர்த்துவிடலாமா? வேலூரில் ஏன் இப்படி ஒன்றுமே நடப்பதில்லை?
– வாசகர் ஒருவர், சத்துவாச்சாரி

பதில்: முதலில் உங்கள் பட்டியலில் ஒன்றை அடியுங்கள். 'சாமியில்லாத கோயில்' 1981-லேயே காலாவதி. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பிப் போனதே சத்துவாச்சாரியிலிருந்துதான். அந்த ஊர்க்காரரே பழைய பல்லவியைப் பாடினால் எப்படி?

பெங்களூருக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஒரு நாள் நண்பர்களோடு பாட்டுக் கேட்கப் போவதால் குடி மூழ்கிவிடாது. நான் சொன்னதாகவே அப்பாவிடம் சொல்லுங்கள். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். 500 ரூபாயைத் தாண்டும் கச்சேரி டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. முன்பதிவு செய்து தரும் ஆப்காரருக்குத் தனியாக ஒரு தொகை. 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த கச்சேரி நினைவிருக்கும். கையில் டிக்கெட்டோடு உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அதனால் யார் பாடுகிறார் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த வாசல், திரும்பும் ரயில் காட்பாடியில் நிற்குமா என்று பாருங்கள். ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனம் போட்ட கணக்கு. மருந்துக்கடையில் காதடைப்பான் கிடைக்கும், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

'ஒன்றுமே நடப்பதில்லை' என்றீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது.

வெயில் ஏறியதும் ஆற்காடு, ஆரணி, செய்யாறு பக்கத்துச் சுவர்களில் 'மகாபாரத அக்னி வசந்த விழா' என்று போஸ்டர் ஒட்டுவார்கள். பஸ்ஸில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தாண்டிப் போயிருப்பீர்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, நாள் கணக்கில். பெரும்பாலும் திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே வெறும் மண் தரைதான் களம். பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (பெயர்தான் வீணை, குட்டி நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற கருவி), தாளம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து ஊர்ப் பெரிய மனிதர்களை எல்லாம் வாரி முடித்ததும், இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன் பாடுகிறான். கிரீடத்தின் உச்சியும் சலங்கைக் காலும் மட்டும்தான் கண்ணுக்குப் படும். முகத்தைக் காட்டாமலே அவ்வளவு கூட்டத்தையும் கட்டிப்போட்டு வைப்பான். (உங்கள் பெங்களூர் மேடையில் புகை விட்டுச் செய்யப் பார்ப்பது இதைத்தான்.) அர்ச்சுனன் தபசு அன்றைக்குப் போனால், வேஷக்காரர் நெட்டை மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள்.

முகவீணை ஏன் அப்படிக் கீச்சென்று ஒலிக்கிறது, பாடுகிறவர் ஏன் உச்சத்திலேயே நிற்கிறார் என்று கேட்பீர்கள். மைக் வராத காலத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற கிழவருக்கும் எட்ட வேண்டுமே. இந்தக் குரலை இன்றைக்குக் குழாய் ஸ்பீக்கரில் ஊற்றி மரத்துக்கு மரம் கட்டுகிறார்களே, அந்தப் புண்ணியவான்களுக்கு எமலோகத்தில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும். எல்லாக் கூத்தும் அமிர்தம் என்றும் நான் அளக்க மாட்டேன். நடுச்சாமத்தில் கதை நகராமல் சினிமா மெட்டில் ஓட்டுகிற குழுக்களும் உண்டு. நல்ல செட் பார்த்துப் போக வேண்டும். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு சங்கடம் உண்டு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. வருடத்துக்கு 15 நாள் வரை மட்டும், அரசு மனது வைத்தால் 12 மணி. மதியமே ஆரம்பிக்கிற பெங்களூர் விழாவுக்கு இது இடைஞ்சலே இல்லை, பத்துக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். கூத்து சூடு பிடிப்பதே அதற்கு அப்புறம்தான். விடிய விடிய ஆடி, காலையில் களிமண் துரியோதனனைச் சாய்க்கிற படுகளத்தோடு முடியும் ஒன்றை இந்த விதிக்குள் எப்படி அடக்குவது என்று எனக்கும் புரியவில்லை.

முழு ராத்திரி தாங்காது என்றால் வெளியூரே வேண்டாம். சித்ரா பௌர்ணமி இரவு வேலூரிலேயே புஷ்பப் பல்லக்குகள் வரும். நாதஸ்வரக்காரர் பக்கமாகப் போய் நின்றுகொள்ளுங்கள்.

கூத்துக்கு டிக்கெட் கிடையாது. ஊர் கொடுக்கிற பணத்தைக் குழுவில் எல்லோரும் பங்கு போட்டால் ஆளுக்குக் கிடைப்பது சொற்பம். பெங்களூர் டிக்கெட்டுக்கு நீங்கள் கட்டும் வரிப் பணம் அளவுக்காவது எழுந்து போய் அன்பளிப்பு கொடுங்கள். கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உங்கள் பெயரை மைக்கில் சொல்லுவான், கூடவே நாலு வார்த்தை கிண்டலும் செய்வான்.